கேப்டனுக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி

எனக்குப் பெண் பார்த்த காலத்தில், ஆத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்த உரையாடல் இது.

"மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகமுங்க?"

"விமானக் கம்பெனியிலே..." என்றார் தரகர், மீசையைத் தடவிக்கொண்டு.

"அட! பிளேன் ஓட்டறாருங்களா?"

"இல்லீங்க. ஓட்டறவங்களுக்கு இவருதான் எப்படிப் போகணும், எவ்வளவு எண்ணெய் போடணும், எங்க இறங்கணும்னு எழுதிக் கொடுப்பாரு."

பெண்ணின் பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கண்டக்டருன்னு சொல்லுங்க!"

அந்த இடம் குதிரவில்லை. ஆனாலும் அந்தப் பெரியப்பா மேல் எனக்குக் கோபமில்லை. 'ஃப்ளைட் டிஸ்பாட்சர்' என்று ஓர் உத்தியோகம் இருப்பது விமானத்தில் வாரம் இரண்டு முறை போய் வருகிறவர்களுக்கே தெரியாது. விமானம் என்றால் பைலட், ஏர்ஹோஸ்டஸ், மிஞ்சிப்போனால் ஸாண்ட்விச். அவ்வளவுதான் கணக்கு!

டிஸ்பாட்சர் என்ன செய்கிறான்? புறப்படும் ஊர், போகும் ஊர் இரண்டின் வானிலையையும் பார்க்கிறான். வழியில் மேகக்கூட்டம் எங்கே, காற்று எந்தப் பக்கம், எந்த ஓடுபாதையில் ரிப்பேர், எந்த விளக்கு எரியவில்லை என்று பார்க்கிறான். போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று ஊர் எது என்று தீர்மானிக்கிறான். சென்னைக்கு மழை வந்தால் பெங்களூர், பெங்களூரில் பனி என்றால் கோயமுத்தூர் என்கிற மாதிரி. அப்புறம் எரிபொருள் கணக்கு. போய்ச் சேர எவ்வளவு, வழியில் கூடக் குறைய ஆனால் எவ்வளவு, மாற்று ஊருக்குப் போக எவ்வளவு, அங்கேயும் வட்டமடிக்க நேர்ந்தால் கடைசிக் கையிருப்பாக 30 நிமிஷத்துக்கு எவ்வளவு... இத்தனையும் போட்டுத் தாளை நீட்டுவான். கேப்டன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அமெரிக்காவில் அந்தப் பயணத்துக்கு கேப்டனும் டிஸ்பாட்சரும் கூட்டுப் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. நம் நாட்டில் டி.ஜி.சி.ஏ.வின் பரீட்சை எழுதி, அங்கீகாரம் வாங்கி இந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

ஆனால் இந்தக் கட்டுரை என் நாற்காலியைப் பற்றியது அல்ல. வேறொரு நாற்காலியைப் பற்றியது.

காக்பிட்டுக்குள் இரண்டு பைலட்டுகளுக்கும் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி இருக்கும். 'ஜம்ப் ஸீட்' என்பார்கள். சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சேலம் - ஆத்தூர் தனியார் பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மேல் பானெட் இருக்கும் பாருங்கள்... டிரைவரின் மச்சினன், டெப்போ ஆசாமி, டீக்கடைக்காரர் என்று வேண்டப்பட்டவர்கள் உட்கார்ந்து வருவார்களே, அந்த இடத்துக்கு பெல்ட் மாட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் ஜம்ப் ஸீட். காலை நீட்ட முடியாது. நிமிர்ந்து எழுந்தால் தலையில் ஏதாவது ஒரு ஸ்விட்ச் இடிக்குமோ என்று பயமாக இருக்கும். ஆனால், அங்கே உட்கார்ந்தால் முன்னால் தெரிகிற ஆகாயத்துக்கு எந்த பிஸினஸ் கிளாஸும் ஈடாகாது.

யாருக்கு இந்த இடம்? பரிசோதிக்க வரும் அரசாங்க இன்ஸ்பெக்டருக்கு. பயிற்சி தரும் மூத்த பைலட்டுக்கு. அப்புறம்... என்னைப் போன்ற டிஸ்பாட்சருக்கு! சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான 'ஐகாவோ'வின் 6-வது இணைப்பு விதி, ஒரு டிஸ்பாட்சர் தான் கவனித்துக்கொள்ளும் பகுதியின் மேலே, முந்தைய 12 மாதத்துக்குள் ஒரு வழிப் பயணமாவது காக்பிட்டில் உட்கார்ந்து போயிருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் வருஷத்துக்கு 5 மணி நேரம். (அங்கே ஸிமுலேட்டர் பயிற்சியை 5 மணி நேரம் பார்த்தும் கணக்கைத் தீர்க்கலாம்.)

என் ஊர் அயோத்தியாப்பட்டணம். சேலத்துக்குக் கிழக்கே, மோட்டாரில் போனால் ஒரு டீயை ஆற்றிக் குடிக்கும் நேரம். எங்கள் ஊருக்கும் விமானத்துக்கும் புராண காலத்திலேயே சம்பந்தம் உண்டு! இலங்கையிலிருந்து புஷ்பக விமானத்தில் திரும்பிய ராமபிரான், அயோத்திக்குப் போகும் வழியில் எங்கள் ஊரில் பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி தந்தார் என்பது கோதண்டராமர் கோயிலின் ஸ்தல ஐதீகம். என் தொழில் பாஷையில் சொன்னால், நாங்கள்தான் அயோத்திக்கு 'ஆல்டர்னேட் ஏர்போர்ட்'! அந்தப் புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும் என்று என் பாட்டி சொல்வாள். பாட்டியே, அதுதான் ஜம்ப் ஸீட். என்ன, அப்போது செக்யூரிட்டி பாஸ் கேட்டதாகத் தகவல் இல்லை.

என் உத்தியோகம் என்னவென்று ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் முதல் தடவையே புரிந்தது. என் அப்பாவுக்கு.

அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். சேலம் - விருத்தாசலம் மீட்டர்கேஜ் லைன். ஒற்றைப் பாதை. பிரம்பு வளையத்தில் டோக்கனை மாட்டி, ஓடுகிற வண்டியின் டிரைவர் கையில் எட்டிக் கொடுக்கிற வேலையை வருஷக்கணக்கில் செய்தவர். நான் என் வேலையை விளக்கி முடித்ததும், "அட, நம்ம செக்‌ஷன் கன்ட்ரோலரு மாதிரி" என்றார். அவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. ரயில் கன்ட்ரோலர் எங்கேயோ ஒரு ரூமில் சார்ட்டைப் போட்டு, காதில் போனை மாட்டி, வண்டிகளை ஓட்டுவார். நானும் அதேதான். வண்டி மட்டும் ஆகாயத்தில்.

அடுத்து அப்பா கேட்ட கேள்விதான் முக்கியம்.

"இன்ஜின்ல ஏறிப் பார்த்திருக்கியாடா?"

"இன்னும் இல்லப்பா. கேட்டிருக்கேன்."

"ஏறிப் பாரு. ஏறாம சார்ட்டு போடாதே."

அப்புறம் ஒரு கதை சொன்னார். அவர்கள் லைனில் புதிதாக வந்த கன்ட்ரோலர் ஒருவர், குட்ஸ் வண்டி பன்னிரண்டு நிமிஷம் லேட்டானால் ஸ்டேஷன் மாஸ்டரை போனில் பிய்த்துவிடுவாராம். "ஏன்யா லேட்டு? டிரைவர் என்ன தூங்கறானா?" ஒரு நாள் அவரே ஃபுட்பிளேட் பாஸ் வாங்கிக்கொண்டு நீராவி இன்ஜினில் ஏறி வந்தார். சித்திரை மாசம். முன்னால் நெருப்பு, மேலே வெயில். ஈரக்கரி வேறு. ஒரு ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியபோது ஃபயர்மேன் கரி வாரிப்போடுவதைப் பார்த்தாராம். எங்கள் ஸ்டேஷனில் இறங்கி, அப்பாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். "அதுக்கப்புறம் அந்த மனுஷன் லேட்டு ஏன்னு கேக்கறதை விட்டுட்டு, தண்ணி எங்க புடிக்கிறீங்க, கரி எப்படி இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சாருடா" என்றார் அப்பா.

என் முறை 1990-களின் கடைசியில் வந்தது. ஒரு ஐப்பசி ராத்திரி. சென்னையிலிருந்து வடக்கே போய், அதே விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்திருந்தது. கேப்டன் வயதானவர், முன்னாள் விமானப்படை. நான் ஏறினதும், "பெல்ட்டைப் போட்டுக்கோ. பத்தாயிரம் அடிக்குக் கீழே வாயைத் திறக்காதே. தீ எரியறதைப் பார்த்தா மட்டும் சொல்லு" என்றார். (10,000 அடிக்குக் கீழே தேவையில்லாத பேச்சு கூடாது என்பது காக்பிட் விதி. வீட்டிலும் இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை என்று சில கணவன்மார்களுக்குத் தோன்றலாம்.)

போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போதுதான் விஷயம். ரேடார் திரையில் சென்னைக்கு வடக்கே சிவப்புச் சிவப்பாக மேகங்கள். என் ஆபீஸிலும் மேகப் படம் வரும். ஆனால் அங்கே அது டீக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடக்கிற ஒரு தாள். இங்கே அது கண்ணாடிக்கு வெளியே பளிச் பளிச்சென்று வெட்டிக்கொண்டு நிற்கிறது! கேப்டன் கன்ட்ரோலிடம் கேட்டு வலது பக்கம் இருபது மைல் ஒதுங்கினார். ஒதுங்கினால் வழி நீளும். வழி நீண்டால் எண்ணெய் குறையும். சென்னைக்கு மேலே வந்தால் எங்களுக்கு முன்னால் நாலு விமானம் க்யூவில். 'வட்டமடி' என்று உத்தரவு.

ஆகாயத்தில் ஒரு வட்டம் என்பது சுமார் 4 நிமிஷம். கம்பெனியில் அந்த நாளில், மழைக்காலத்துக்கென்று 10 நிமிஷ எண்ணெய் கூடுதலாகப் போடுவது வழக்கம். தாளில் பார்த்தால் 10 நிமிஷம் தாராளமாகத் தெரியும். மேலே இருந்து பார்த்தால் அது இரண்டரை வட்டம். முதல் வட்டம் முடிந்தது. இரண்டாவது வட்டம் பாதி. கோ-பைலட் பென்சிலால் மாற்று ஊருக்கான கணக்கைப் போட ஆரம்பித்தார். கேப்டன் பின்னால் திரும்பாமலே சொன்னார்: "தம்பி, உன் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம்னு பார்த்துக்கோ!"

மூன்றாவது வட்டத்துக்கு முன்னால் எங்களுக்கு இறங்க அனுமதி வந்துவிட்டது. பின்னால் 120 பேர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பெட்டியை எடுக்க முண்டியடித்தார்கள். முன்னால் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். எல்லாம் விதிப்படிதான் நடந்தது, பயமும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது.

எண்ணெயை அளவில்லாமல் ஊற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது ஸார். எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகவே எண்ணெய் வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு 3, 4 சதவிகிதம் சும்மா சுமப்பதிலேயே தீர்ந்துபோகும். அந்த ரக ஜெட் நிமிஷத்துக்குச் சுமார் 40 கிலோ எண்ணெய் குடிக்கும். கம்பெனி மானேஜர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் ரத்தம். எனவே எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதில்தான் டிஸ்பாட்சரின் சாமர்த்தியம். அதை என் புத்தகங்கள் பாதி கற்றுக்கொடுத்தன. மீதிப் பாதியை அந்த மடக்கு நாற்காலி கற்றுக்கொடுத்தது.

இன்னொன்றும் பார்த்தேன். ஆபீஸில் இருந்து நாங்கள் கொடுத்தனுப்பும் கட்டுக் காகிதத்தில் ஓடுபாதை சம்பந்தமான அறிவிப்புகள் பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். காக்பிட்டின் மங்கல் வெளிச்சத்தில், குலுங்கலில், மூக்குக் கண்ணாடி போட்ட கேப்டன் அதைத் தேடியது கண்ணிலேயே நின்றது. ஊர் திரும்பினதும் மேலதிகாரியிடம் பேசி, அந்தப் பயணத்துக்கு நிஜமாகவே வேண்டிய மூன்று நாலு விஷயத்தை மட்டும் கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தில் போட ஏற்பாடு செய்தோம். ஒரு பைசா செலவில்லை. பைலட்டுகள் என்னை டிபனுக்கு அழைத்துப்போனார்கள்!

பின்னால் உட்காரும் மூன்றாவது ஆசாமியால் உலகத்தில் பெரிய காரியங்களும் நடந்திருக்கின்றன. 2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்கு ஒரு லயன் ஏர் விமானம் கிளம்பியது. போயிங் 737 மேக்ஸ். ஏறினதிலிருந்தே மூக்கைத் தானாகக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டு பைலட்டுகளும் போராடிக்கொண்டிருந்தபோது, ஜம்ப் ஸீட்டில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு பைலட்டும் கூட இருந்தார். மூன்று பேர் மூளையாகப் பிரச்னையைப் பார்த்து, வால் பக்கத்து மோட்டாரை ஸ்விட்ச் போட்டு நிறுத்தி, விமானத்தைப் பத்திரமாக ஜகார்த்தாவில் இறக்கினார்கள். மறுநாள் காலை அதே விமானம், அதே கோளாறோடு, வேறு இரண்டு பைலட்டுகளுடன் கிளம்பியது. ஜாவாக் கடலில் விழுந்தது. 189 பேரும் போனார்கள். அன்று பின்னால் மூன்றாவது பைலட் இல்லை. மூன்றாவது ஆளால் மட்டுமே முதல் நாள் தப்பித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

1989 ஜூலை 19. அமெரிக்காவில் யுனைட்டெட் 232. நடு இன்ஜின் சிதறி, ஸ்டியரிங்கை ஆட்டினால் எதுவுமே அசையாத நிலை. பயணிகளோடு உட்கார்ந்திருந்த பயிற்சி பைலட் ஒருவர் காக்பிட்டுக்கு வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தைத் திருப்ப உதவினார். ஸியூ ஸிட்டியில் மோதித்தான் இறங்கியது. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

சரி, இவ்வளவு நல்ல நாற்காலியை ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள்? அதற்கும் காரணம் இருக்கிறது.

1994 மார்ச்சில், ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் விமானத்தில் கேப்டன் தன் பிள்ளைகளை ஆசையாகத் தன் ஸீட்டில் உட்கார வைத்தார். பையன் கைபட்டு ஆட்டோபைலட் பாதி விலகியது. 75 பேரும் மாண்டார்கள். அடுத்த மாதமே, ஏப்ரல் 7-ம் தேதி, அமெரிக்காவில் ஃபெட்எக்ஸ் சரக்கு விமானத்தில் அதே கம்பெனி ஊழியர் ஒருவர் ஜம்ப் ஸீட் உரிமையில் ஏறினார். கையில் கிடார் பெட்டி. உள்ளே கிடார் இல்லை, சுத்தியல்கள்! மூன்று விமானிகளின் மண்டையை உடைத்தார். ரத்தம் சொட்டச் சொட்ட அவர்கள் போராடி, மெம்ஃபிஸில் விமானத்தை இறக்கியது பெரிய வீர கதை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு காக்பிட் கதவு இரும்புக் கோட்டையாகிவிட்டது. அப்படியும் 2023 அக்டோபர் 22 அன்று, அமெரிக்காவில் ஹொரைஸன் விமானத்தில் ஜம்ப் ஸீட்டில் போன ஓய்வுநேர பைலட் ஒருவர், திடீரென்று இரண்டு இன்ஜின்களையும் அணைக்கும் கைப்பிடிகளை இழுக்கப் பார்த்தார். மற்ற இருவரும் பிடித்துத் தள்ளி வெளியேற்றினார்கள்.

நம்மூர் சமாசாரமும் உண்டு. 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து டில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், கேப்டன் தன் சிநேகிதியை காக்பிட்டுக்குள் அழைத்து உட்கார வைத்தார். டி.ஜி.சி.ஏ. அந்த மே மாதம் கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, கேப்டனின் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கியது. பஸ் பானெட் மாதிரி நினைத்தால் இப்படித்தான்.

இதையெல்லாம் நன்றாகத் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும், ஒரு ராத்திரி அந்த நாற்காலிக்காக ஏங்கி நின்றேன்.

2011. பம்பாயில் ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். அப்பாவுக்கு வலது கை, கால் விழுந்துவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"பேசறாராம்மா?"

"பேசறாருண்ணா. 'அவன் எங்க, கிளம்பிட்டானா'ன்னு உன்னைத்தான் கேட்டுட்டே இருக்காரு. சீக்கிரம் வாண்ணா."

ஒன்பதரை மணிக்குக் கடைசி பெங்களூர் விமானம். அதைப் பிடித்துவிட்டால் நடுராத்திரிக்கு டாக்ஸி எடுத்து, விடியற்காலம் நாலு மணிக்குச் சேலம். விமானக் கம்பெனி ஊழியனுக்கு டிக்கெட் உண்டு. ஆனால் அதற்குப் பேர் 'ஸப்-லோட்'. இடம் இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் ஏறுகிறவர்களுக்கு டாட்டா காட்டலாம். அன்றைக்கு விமானம் நிரம்பி வழிந்தது. ஒரு ஸீட் இல்லை.

ஒரே ஒரு நாற்காலி காலி. மடக்கு நாற்காலி.

கேப்டன் எனக்குப் பழக்கமானவர். நான் போட்ட தாளில் நூறு தடவையாவது கையெழுத்துப் போட்டிருப்பார். விஷயத்தைக் கேட்டதும் டூட்டி மானேஜரிடம் தானே பேசினார். "நம்ம ஆள்தானே ஸார், டிஸ்பாட்சர், பேட்ஜ் இருக்கு, காக்பிட்டில் உட்கார அங்கீகாரம் உள்ள ஆள். நான் அழைச்சிட்டுப் போறேன்" என்றார். மானேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கையில் ஒரு தாள் இருந்தது. காக்பிட்டில் உட்கார அனுமதி எழுத்தில் வேண்டும், அது டூட்டிக்காக இருக்க வேண்டும், முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். சொந்தக் காரியத்துக்குக் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி வீட்டுக்குப் போய்விட்டார். போனை எடுக்கவில்லை.

கேப்டன் ஏரோபிரிட்ஜ் வாசல் வரைக்கும் வந்து என் தோளைத் தட்டினார். "கதவைச் சாத்திட்டா அந்த விமானத்துக்கு நான்தான் ராஜா. அந்த ஒரு ஸீட்டுக்கு மட்டும் ராஜா இல்லை. மன்னிச்சுக்கோப்பா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. விமானம் பின்வாங்கிப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை விமானம் பிடித்து, சேலம் போய்ச் சேரும்போது மத்தியானம் ஒரு மணி. விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு அப்பாவுக்கு இரண்டாவது தடவை தாக்கியிருந்தது. உயிர் இருந்தது. பேச்சு இல்லை. என்னைப் பார்த்தார். இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பத்தொன்பது நாள் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ராத்திரி அவர் என்னிடம் என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றுமே இல்லாமல், "சாப்பிட்டியாடா" என்று கேட்டிருப்பார். அதைத்தான் எப்போதும் கேட்பார்.

மானேஜர் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்றால், ஒரு வருஷம் வரைக்கும் வந்தது. அப்புறம் போய்விட்டது. கிடார் பெட்டியோடு வந்தவனும் அந்தக் கம்பெனியின் 'நம்ம ஆள்'தான். அவன் கழுத்திலும் பேட்ஜ் தொங்கியது. பழக்கம், இரக்கம் இரண்டையும் வைத்து காக்பிட் கதவைத் திறக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இரக்கத்தை விலக்கிவிட்டு, ஒழுங்கான ஏற்பாட்டால் திறக்கலாமே! அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்கள். வேறு கம்பெனி பைலட்டானாலும் சரி, டிஸ்பாட்சரானாலும் சரி, கேட்டில் இருக்கும் ஊழியர் கம்ப்யூட்டரில் தட்டினால் அந்த ஆளின் போட்டோ வரும், இன்றைய தேதிக்கு அவர் வேலையில் இருக்கிறாரா என்று வரும். சரியாக இருந்தால் கேப்டனைக் கேட்பார்கள். கேப்டன் முடியாது என்றால் முடியாதுதான். அதில் முறையீடு இல்லை. 'காஸ்' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். ஆயிரக்கணக்கான பைலட்டுகள் அப்படித்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். 2023-ல் அந்த ஹொரைஸன் சம்பவம் நடந்த பிறகும் அதை ஒழித்துவிடவில்லை. அனுமதி கிடைப்பது அதிகாரி போனை எடுக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது. அதுதான் என் கட்சி.

இன்னொரு கோரிக்கை. டிஸ்பாட்சரை வருஷத்துக்கு ஒரு தடவை காக்பிட்டில் ஏற்றுவதை, லாக் புத்தகத்தில் டிக் அடிக்கிற சடங்காகச் செய்யாதீர்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்து அனுப்பாதீர்கள். மழையில் அனுப்புங்கள். அதே மாதிரி, பைலட்டுகளையும் ஒரு ராத்திரி எங்கள் ரூமில் உட்கார வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் தண்ணீரில் மூழ்கி மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் போன நாட்கள் அவை. எங்கள் ரூமில் எந்த விமானம் எங்கே நிற்கிறது, எந்தப் பைலட்டுக்கு டூட்டி நேரம் எப்போது முடிகிறது என்று நாலு பேர் தூங்காமல் கணக்குப் போட்டோம். ஒரு இளம் பைலட், ஹோட்டலுக்குப் போக வழியில்லாமல் எங்கள் ரூமிலேயே ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டார். விடிந்ததும், "ஸார், இனிமே போன்ல உங்ககிட்டே கத்த மாட்டேன்" என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார்.

இப்போது ரிடையராகி ஊரோடு வந்துவிட்டேன். 2018 மார்ச்சில் எங்கள் சேலம் விமான நிலையத்துக்கு ட்ரூஜெட் வந்தது, சில வருஷத்தில் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் விமானங்கள் வர ஆரம்பித்தன. காமலாபுரத்தில் இறங்குகிற ஏ.டி.ஆர். விமானத்தைப் பார்க்கும்போதெல்லாம், பைலட்டைவிட எனக்கு முதலில் ஞாபகம் வருவது, எங்கேயோ ஒரு ரூமில் அதற்கு எண்ணெய்க் கணக்குப் போட்ட பையனோ பெண்ணோதான்.

அப்படி ஒரு பெண்ணைத் தெரியும். வாழப்பாடிக்காரப் பெண். பரீட்சைக்கு என்னிடம் வந்து பாடம் கேட்டாள். பாஸ் பண்ணி, ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். போன கார்த்திகையில் முதல் தடவையாக ஜம்ப் ஸீட்டில் போய்விட்டு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தாள்.

"ஸார், இன்னிக்கு ரெண்டு வட்டம் அடிச்சோம் ஸார்!"

"பயந்தியாம்மா?"

"இல்ல ஸார். ஆனா நாளைக்குப் பிளான் போடறப்போ அந்த ரெண்டு வட்டம்தான் ஸார் ஞாபகம் வரும்" என்றாள்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "எங்க வீட்ல இன்னமும் நான் ஏர்ஹோஸ்டஸ்னே எல்லார்கிட்டேயும் சொல்லிட்டு இருக்காங்க ஸார். டிஸ்பாட்சர்ன்னா தமிழ்ல என்னன்னு சொல்றது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'கண்டக்டர்' என்பதைவிட நல்ல வார்த்தையாக வாசகர்கள் யாராவது சொன்னால் அந்தப் பெண்ணுக்கு உபகாரமாக இருக்கும்.